நண்பகலில் விரியும் பூ

தில்லியின் அடுக்குமாடி வீடுகளில் கொடித்தோடையை ஆசையாக வாங்கி வைப்பவர்கள் உண்டு. பிப்ரவரி கடைசியில் வைத்த கன்று, மழைக்காலம் முடிவதற்குள் பால்கனிக் கம்பி முழுக்கப் படர்ந்து, மேல்மாடிக்காரரின் துணிக்கொடியையும் எட்டிப் பிடிக்கும். பூவும் ஏராளமாகப் பூக்கும். ஆனால் காய் பிடிக்காது. பூத்த ஓரிரு நாளில் காம்போடு உதிர்ந்து தரையில் கிடக்கும். ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பார்கள். இரண்டாம் வருடமும் அதே கதை என்றால் பிடுங்கி எறிந்துவிட்டு மணிபிளாண்ட் வைத்துவிடுவார்கள். ஏன் காய்க்கவில்லை என்று கேட்டால் மூன்று பதில்கள் தயாராக இருக்கும். இது ஆண் செடி என்பார் தோட்டவேலை பார்க்கும் மாலி. மலைக் குளிரில்தான் இது வரும், தில்லி வெயிலுக்கு ஒத்துவராது என்பார் கொடைக்கானல் பார்த்தவர். மண்ணில் சத்தில்லை, யூரியா போடுங்கள் என்பார் மூன்றாமவர். முதல் பதில் முழுத் தவறு. மற்ற இரண்டும் பாதித் தவறு. ஒரே வீட்டில், ஒரே கொடியாக வைத்துக் காய்க்க வைக்க முடியாத பயிரை அப்படி வைத்துவிட்டு ஏமாந்து போகிறோம் என்பதுதான் பெரும்பாலும் உண்மை. கொடித்தோடையைத் தெருப் பயிராகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான ஆதாரம் அந்தப் பூவிலேயே இருக்கிறது.

முதலில் பெயரைச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் பேஷன் ஃப்ரூட். கேரளத்துப் பேச்சில் அது 'ஃபேஷன் ஃப்ரூட்' ஆகிவிட்டது. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்கிறார்கள். ஈழத் தமிழர் வைத்த பெயர் கொடித்தோடை. அவர்கள் பேச்சில் தோடை என்றால் ஆரஞ்சு. ஆகவே இது கொடியில் காய்க்கும் ஆரஞ்சு. தாவரவியலில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாக்கு சொன்ன சாட்சியை நம்பி இட்ட பெயர் அது, அதனாலேயே எனக்குப் பிடித்த பெயரும்கூட. இதன் பூர்வீகம் தெற்கு பிரேசிலும் பராகுவேயும் வடக்கு அர்ஜென்டினாவும். பாசிஃப்ளோரா என்ற இந்தப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. நம் ஊர் வேலியோரங்களில் வலைப்பின்னலுக்குள் சின்னப் பழத்தைப் பொதிந்து வைத்திருக்கும் சிறுபூனைக்காலியும் இதற்குப் பங்காளிதான்.

தில்லிக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பங்காளி வேறொன்று: கிருஷ்ண கமல். ராக்கிப் பூ என்றும் சொல்வார்கள், பார்க்க மணிக்கட்டில் கட்டும் ராக்கி போலவே இருப்பதால். வட்டமாக விரிந்த இதழ்கள், அவற்றின் மேல் சுற்றிலும் ஊதா நிற இழைகள், நடுவே ஒரு தண்டு, அதில் ஐந்து மகரந்தப் பைகள், அவற்றுக்கும் மேலே மூன்று சூல்முடிகள். இந்த இழைகள் நூறு கௌரவர்கள், ஐந்து மகரந்தப் பைகளும் பாண்டவர்கள், மேலே இருக்கும் மூன்றும் மும்மூர்த்திகள் என்று வட இந்திய வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பானியப் பாதிரிமார்கள் இதே பூவில் இயேசுவின் முள்முடியையும் ஐந்து காயங்களையும் மூன்று ஆணிகளையும் கண்டார்கள். அவருடைய பாடுகளைக் குறிக்கும் சொல்தான் பழத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது. ஜப்பானியர் இதைக் கடிகாரச் செடி என்று அழைக்கிறார்கள். கதைகள் இருக்கட்டும். நர்சரிகளில் கிருஷ்ண கமல் என்ற பெயரில் விற்கப்படுபவை அழகுக்காக வளர்க்கும் வேறு இனங்கள். அதை வாங்கி வைத்துவிட்டுக் கொடித்தோடைக்குக் காத்திருப்பது, சண்பகத்தை வைத்துவிட்டு மாம்பழத்துக்குக் காத்திருப்பது போல. பழம் வேண்டுமென்றால் இலையைப் பார்த்து வாங்க வேண்டும். கொடித்தோடையின் முதிர்ந்த இலை பளபளப்பாக, மூன்று விரல்களாகப் பிரிந்து, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும். ஐந்து விரலாகப் பிரிந்த மெல்லிய இலை என்றால் அது அநேகமாக அழகுக் கொடி.

இனி வெயிலும் குளிரும். இந்த ஆட்சேபத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தில்லிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படும் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2021 ஜனவரி 1 அன்று குறைந்தபட்ச வெப்பநிலை 1.1 டிகிரி செல்சியஸ். அதே நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி. அடுத்த மாதமே, ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை. உறைபனிக்குப் பக்கத்தில் போகும் குளிர், லூ என்ற அனல்காற்று, திடீரென்று தேங்கும் வெள்ளம் மூன்றையும் ஒரே செடி தாங்க வேண்டும். கொடித்தோடையில் ஊதாத் தோல், மஞ்சள் தோல் என்று இரண்டு வகை இருப்பது இங்கேதான் முக்கியமாகிறது. ஊதா மலைக்காரி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குடகிலும் வடகிழக்கில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் மலைகளிலும் விளைவது அதுதான். லேசான பனியைத் தாங்கும், ஆனால் பகல் வெப்பம் 30 டிகிரிக்கு மேல் நிலைத்துவிட்டால் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். மஞ்சள் தாழ்நிலத்துக்காரி. வெப்பத்தில் தழைக்கும், பனியில் கருகும். தில்லிக்கு எது? குளிரை நம்மால் தடுக்க முடியும். கடும் குளிர் இரவுகள் வருடத்துக்குச் சில வாரங்கள்தான். தெற்கு நோக்கிய சுவரை ஒட்டி வைத்து, அடித்தண்டைச் சணல் சாக்கால் சுற்றி, இரவில் பழைய போர்வையைப் போர்த்தினால் மேல் இலைகள் போனாலும் அடி பிழைத்துக்கொள்ளும். பிப்ரவரி கடைசியில் துளிர்க்கும். மூன்று மாத வெயிலை எந்தப் போர்வையாலும் தடுக்க முடியாது. ஆகவே மஞ்சள்தான்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தில்லி ஐ.என்.ஏ. சந்தையில் தேடிப்பிடித்து வாங்கும் கொடித்தோடை பெரும்பாலும் மலையில் விளைந்த ஊதாப் பழம். அதன் விதையைப் போட்டு முளைக்க வைப்பவர்கள், தெரியாமலேயே மலைக்காரியைச் சமவெளிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். கொடி வளரும், பூ வராது, பழி தில்லி வெயிலின் மேல் விழும். குடகில் சேட்டள்ளியில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தார் ஊதாவையும் மஞ்சளையும் இணைத்துக் காவேரி என்ற கலப்பினத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அதன் தோலும் ஊதாதான். ஆகவே தோல் நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. பூ விரியும் நேரம் இன்னும் நல்ல அடையாளம். ஊதாவின் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகல் வாக்கில் மூடிக்கொள்ளும். மஞ்சளின் பூ நண்பகல் வாக்கில் விரிந்து இரவு ஒன்பது பத்து மணிக்கு மூடும். ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் அந்த ஒரு பகல்தான்.

மஞ்சளுக்குப் பூக்கக் கிட்டத்தட்ட 11 மணி நேரப் பகல் வேண்டும். தில்லியில் டிசம்பர் கடைசியில் பகல் பத்தே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல், ஜூன் கடைசியில் 14 மணி நேரம். கணக்குப் பார்த்தால் பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை பூப்பதற்கான வெளிச்சம் உண்டு. ஆனால் அத்தனை மாதமும் காய் பிடிக்காது. மே, ஜூன் மாதங்களின் அனல்காற்றில் சூல்முடி காய்ந்துபோகும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வேறு கேடு. இதன் மகரந்தத் துகளில் தண்ணீர் பட்டால் உப்பி வெடித்துவிடும். பூவில் மகரந்தம் சேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மழை பெய்தால் அந்தப் பூ வீண். தில்லியின் பருவமழை மதியத்திலும் மாலையிலும் கொட்டுவது பூவுக்குப் பெரும் எதிரி. இவற்றையெல்லாம் கழித்தால் இரண்டு வாய்ப்புகள் மிஞ்சுகின்றன: மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரை ஒன்று, ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை இன்னொன்று. இரண்டாவது வாய்ப்பே பெரியது, ஏனென்றால் மழையில் கொடி நன்றாகத் தழைத்திருக்கும், புதிதாக விட்ட கிளைகளில்தான் பூ வரும். காய் பழுக்க 60 முதல் 90 நாள் ஆகும். செப்டம்பரில் பிடித்த காய் நவம்பர், டிசம்பரில் பழுத்துவிடும். அக்டோபர் கடைசியில் பிடித்தது ஜனவரி மூடுபனியில் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே தில்லியில் இதற்கு உரம், கவாத்து, கவனம் எல்லாம் செப்டம்பரைக் குறிவைத்தே நடக்க வேண்டும். ஊரில் வருடம் முழுக்கக் காய்ப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கஞ்சத்தனமான கணக்காகத் தோன்றலாம். இந்த அட்சரேகையில் கிடைப்பது இவ்வளவுதான்.

இப்போது ஆண் செடி என்ற பேச்சுக்கு வரலாம். பப்பாளியில் ஆண் மரம் உண்டு, அதை மனதில் வைத்து மாலி அப்படிச் சொல்கிறார். கொடித்தோடையில் ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியிருந்தும் மஞ்சள் வகை தன் மகரந்தத்தைத் தான் ஏற்பதில்லை. சூல்முடியில் விழுந்த மகரந்தம் அங்கே முளைத்து, நுண்ணிய குழாய் விட்டு, கீழே சூலகம் வரை இறங்கினால்தான் விதை உண்டாகும். வந்தது சொந்த மகரந்தம் என்று தெரிந்தால் அந்தக் குழாய் இறங்க முடியாதபடி தடுத்துவிடுகிறது. ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் செய்யாத குடும்பம் மாதிரிதான். வேறு குடும்பத்திலிருந்து மகரந்தம் வர வேண்டும். ஊதா இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பில்லை, தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதனால்தான் மலையில் ஒற்றைக் கொடி குலுங்குவதைப் பார்த்தவர்களுக்கு, சமவெளியில் ஒற்றைக் கொடி மலடாக நிற்பது புரியாமல் போகிறது.

சரி, இரண்டு கொடி வைத்தால் போதுமா என்று கேட்கலாம். இங்கே பலரும் இடறி விழுகிறார்கள். நண்பர் வீட்டுக் கொடியிலிருந்து இரண்டு தண்டு வெட்டி வந்து இரண்டு தொட்டியில் வைத்தால், கண்ணுக்கு இரண்டு செடி, கோத்திரக் கணக்கில் ஒன்றே ஒன்று. நர்சரிக்காரர் ஒரே தாய்க்கொடியிலிருந்து நூறு பதியன் போட்டு விற்றாலும் நூறும் ஒரே செடிதான். ஒரே பழத்தின் விதைகளில் முளைத்தவை சகோதரங்கள். அவற்றுள் சில ஒன்றையொன்று ஏற்கும், சில ஏற்காது. நிச்சயமான வழி, வேறு வேறு இடத்திலிருந்து வந்த இரண்டு கொடிகள். தில்லியில் ஒரு பால்கனியில் இரண்டு பெரிய கொடிகளுக்கு இடம் இராது. ஆனால் அடுத்த மாடியில் இடம் இருக்கும். எதிர் வரிசை வீட்டு மொட்டை மாடியில் இருக்கும். ஆர்.கே.புரத்தின் குடியிருப்புகளிலும் மயூர் விஹாரின் சொசைட்டிகளிலும் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நெருக்கம் தில்லி வாழ்க்கையின் சாபம் என்போம். இந்தப் பயிருக்கு அதுவே வரம். ஒரு தெருவில் நான்கு வீட்டார் நான்கு வேறு இடத்துக் கொடியை வைத்தால் நான்கும் காய்க்கும். நான்கு பேரும் ஒரே கடையில் ஒரே தாய்க்கொடியின் பதியனை வாங்கினால் நான்கும் பூத்து உதிரும்.

மாடிக்கு மாடி மகரந்தத்தைக் கொண்டுபோக ஆள் வேண்டும். தேனீயால் அது முடியாது. பூவின் கட்டமைப்பைப் பாருங்கள். தேன் இருப்பது அடியில், இழைகளுக்கு உள்ளே. மகரந்தப் பைகள் அதற்கு மேலே, முகத்தைக் கீழே திருப்பித் தொங்குகின்றன. தேனைக் குடிக்க வரும் பூச்சியின் முதுகு அந்தப் பைகளில் உரசும் அளவுக்கு அது தடித்திருக்க வேண்டும். தேனீயின் உடல் சின்னது. அடியில் நுழைந்து வெளியேறிவிடும், சில சமயம் மகரந்தத்தையே அள்ளிப்போய்விடும். இந்த அளவுக்குப் பொருந்துவது கருவண்டு, அதாவது காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் குடைந்து கூடு வைக்கும் தச்சுத் தேனீ. ஹிந்தியில் பவ்ரா. கட்டைவிரல் நுனி பருமனுக்குக் கரிய உடலோடு ரீங்காரமிட்டு வந்து அமரும்போது பூவே அசையும். அதன் முதுகில் ஒட்டிய மஞ்சள் பொடி அடுத்த பூவின் சூல்முடியில் தடவப்படுகிறது. பழத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு சாற்றுப் பையும் ஒரு விதையைச் சுற்றியது, ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தத் துகள் வேண்டும். போதிய துகள் சேராவிட்டால் காய் பிடித்தாலும் வெட்டிப் பார்த்தால் பாதி வெறும் கூடுதான். பழம் கையில் கனமாக இருக்கிறதா என்பது, வண்டு எத்தனை தடவை வந்தது என்பதற்குக் கணக்கு. இந்த வண்டைக் கண்டதும் துடைப்பத்தால் அடிப்பது பல வீட்டில் வழக்கம். அது கொட்டும் என்ற பயம். ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது; பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. மாடியில் ஒரு மூலையில் காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி வைத்து, பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் இருந்தால் அதுவே வந்து குடியேற வாய்ப்புண்டு.

வண்டு வராத தெருவிலும் வழி உண்டு. நண்பகலுக்குப் பிறகு விரிந்த பூவைக் கிட்டே போய்ப் பாருங்கள். மூன்று சூல்முடிகளும் முதலில் மேல்நோக்கி நிற்கும். ஒரு மணி நேரத்தில் மெல்லச் சாய்ந்து, வளைந்து, மகரந்தப் பைகளின் உயரத்துக்கு இறங்கும். முழுதும் வளைந்த பூவே காய்க்கத் தயாரானது. சில பூக்களில் சூல்முடிகள் கடைசிவரை நிமிர்ந்தே இருக்கும். அவை காய்க்கா, அவற்றில் மெனக்கெட வேண்டாம், மகரந்தம் எடுக்க வைத்துக்கொள்ளலாம். சின்ன ஓவியத் தூரிகையாலோ விரல் நுனியாலோ ஒரு கொடியின் மகரந்தப் பையைத் தொட்டால் மாவு போல ஒட்டும். அதை மற்றக் கொடியின் மூன்று சூல்முடிகளிலும் தடவ வேண்டும். ஒரு பூவுக்குப் பத்து வினாடி வேலை. பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து ஒரு பூவைப் பறித்து வந்தும் செய்யலாம். பூ விரிவதே பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் என்பதால், காலையில் அலுவலகம் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் கைக்கு இது ஏற்ற வேலை.

இவ்வளவு பாடு எதற்கு, கடையில் வாங்கிவிட்டுப் போகலாமே என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி. வணிகத் தோட்டங்களில் ஒரு கொடிக்கு 5 முதல் 10 கிலோ வரை சொல்கிறார்கள். மாடித் தொட்டியில் அதில் பாதி கிடைத்தால் பெரிது. ரூபாய்க் கணக்கில் இது லாபமான காரியம் என்று நான் சொல்லவரவில்லை. மேற்கு வெயில் படும் பால்கனிக்கு இந்த அடர்ந்த இலைத் திரை கொடுக்கும் நிழலுக்கு விலை உண்டு. தானாகப் பழுத்து விழுந்த பழத்தின் மணம், தூரப் பயணத்துக்காக முன்னதாகப் பறித்த பழத்தில் வருவதில்லை. தில்லியில் தண்ணீருக்கே டேங்கருக்கு வரிசையில் நிற்கும்போது கொடிக்கு ஊற்றுவதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அரிசி, பருப்பு கழுவிய நீர் இதற்கு நன்றாகப் போதும், ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீர் அதைவிட நல்லது. தில்லி மண் யமுனை வண்டல், காரத்தன்மை கொண்டது. பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பு. ஏ.சி. நீரில் உப்பு அநேகமாக இல்லை. மாறாக ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் நீரைச் சிக்கனம் என்று நினைத்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். குழாய்நீரின் உப்பெல்லாம் செறிந்த நீர் அது. தரை துடைக்கலாம், கொடிக்கு வேண்டாம். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், காரமண்ணில் வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை என்று பொருள். அதற்கு மருந்து மக்கிய தொழுவுரமும் இலைமக்கும்தான். ஊர் வழக்கத்தில் அடுப்புச் சாம்பலைப் போட்டால் காரம் இன்னும் ஏறும். யூரியா போட்டால் இலை மட்டும் காடாக வளரும்.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக வெட்டினால் ஒரு கொடிக்குச் சரி. நனைந்த மண்ணோடு அது 150 கிலோவைத் தொடும், ஆகவே பால்கனியின் விளிம்பில் வைக்காமல் சுவரை ஒட்டி வைப்பது கட்டாயம். அடியில் வடிகால் துளைகள் தாராளமாக வேண்டும். ஒரே நாளில் 228 மில்லிமீட்டர் கொட்டும் ஊரில் தேங்கிய நீரில் நிற்கும் தண்டு அழுகிப்போகும், காப்பாற்ற முடியாது. வேர் மேலாகவே ஓடுவதால் மேல்மண்ணைக் கொத்தாமல், காய்ந்த இலையால் மூடி வைக்க வேண்டும். ஒரே தண்டாக ஆறடி ஏற்றி, நுனியைக் கிள்ளி, கம்பியில் இரு பக்கமும் ஓடவிட்டால், அதிலிருந்து திரைச்சீலை போலத் தொங்கும் கிளைகளில் பூ வரும். பிப்ரவரி கடைசியில், குளிர் விட்டதும், அந்தத் தொங்கும் கிளைகளை வெட்டிவிட வேண்டும். வறண்ட வெயிலில் செஞ்சிலந்தியும், பிறகு மாவுப்பூச்சியும் வரும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். செம்பழுப்பில் முள்முள்ளாக ஊரும் கம்பளிப்புழுக்கள் அக்ரீயா என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள். நன்கு வளர்ந்த கொடி கொஞ்சம் இலையை அவற்றுக்கு விட்டுக்கொடுக்கலாம். குரங்குகள் விஷயம் வேறு. அவை உலவும் பகுதியில் கம்பி வலைக்குள் வளர்ப்பதைத் தவிர வழியில்லை.

அந்நியச் செடி எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. தில்லியின் ரிட்ஜ் காட்டை விலாயதி கீகர் என்ற நம் சீமைக் கருவேலம் எப்படி ஆக்கிரமித்தது என்று கண்ணால் பார்த்த ஊர் இது. நீலகிரியிலும் கொடித்தோடை வகைகள் தோட்டத்தை விட்டுச் சோலைக்குள் போயிருக்கின்றன. அங்கே பாசிஃப்ளோரா லெஷனால்டி என்ற சொந்த இனமே உண்டு. காட்டோரத்தில் வீடு உள்ளவர்கள் இதை வைக்கும் முன் யோசிக்கத்தான் வேண்டும். தில்லியில் ஜனவரிக் குளிரும் மே மாத வறட்சியும் கவனிப்பில்லாத மஞ்சள் கொடியை நீண்ட நாள் விட்டுவைப்பதில்லை. மனிதன் தண்ணீர் ஊற்றாவிட்டால் இங்கே அது காடேறாது.

பழம் பழுத்ததும் தானே விழும். பறிக்கக் கூடாது, கீழே வலையோ பழைய புடவையோ கட்டி ஏந்திக்கொள்ள வேண்டும். தோல் சுருங்கினால் கெட்டுவிட்டது என்று எறிபவர்கள் உண்டு. சுருங்கிய பழமே புளிப்புக் குறைந்து இனிப்பது. மேற்பகுதியைச் சீவி, உள்ளே இருக்கும் மஞ்சள் கூழை விதையோடு கரண்டியால் வழித்துச் சாப்பிடலாம், விதை கறுக்கென்று கடிபடும். ஊதாப் பழக் கூழ் 100 கிராமில் நார்ச்சத்து 10 கிராமுக்குச் சற்று மேல், வைட்டமின் சி 30 மில்லிகிராம், பொட்டாசியம் 348 மில்லிகிராம். அந்த நார்ச்சத்தில் பெரும்பங்கு விதையில் இருக்கிறது, வடிகட்டினால் போய்விடும். சாறு வேண்டுமானால் மிக்ஸியை ஒரே ஒரு சுற்று விட்டு நிறுத்த வேண்டும். அதிகம் ஓடினால் விதை உடைந்து கறுப்புத் துகளும் கசப்பும் கலந்துவிடும். மஞ்சளின் புளிப்பு கடுமையானது, இரண்டு பழக் கூழ் ஒரு பெரிய செம்பு நீருக்குப் போதும். வெல்லமும் தட்டிய இஞ்சியும் சேர்த்தால் நம் பானகம். கறுப்பு உப்பும் வறுத்த சீரகப் பொடியும் போட்டால் தில்லியின் சிக்கஞ்சி. தயிர்ப் பச்சடியில் கடைசியாக ஒரு கரண்டி கூழ் கலந்து கடுகு தாளித்தாலும் நன்றாக இருக்கும். கொதிக்க வைத்தால் மணம் ஓடிவிடும், ஆகவே ரசத்தில் புளிக்குப் பதில் போடுபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு போடட்டும். நவம்பரில் மொத்தமாகப் பழுப்பதைப் பனிக்கட்டித் தட்டில் உறைய வைத்தால் மே மாதத்துக்கு ஆகும்.

எச்சரிக்கையும் உண்டு. பச்சைக் காயிலும் இலையிலும் சயனைடு தரும் பொருள்கள் இருக்கின்றன. காயைக் குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கத்துக்கு நல்லது என்று ஐரோப்பாவில் மூலிகையாக விற்கப்படுவது இதன் உறவுச் செடியான வேறோர் இனம். அதைக் கேள்விப்பட்டுப் பால்கனிக் கொடியின் இலையைக் காய்ச்சிக் குடிப்பது ஆபத்து. சிறுநீரக நோயுள்ளவர்கள் பொட்டாசியம் கருதி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் திரும்பும்போது மஞ்சள் பழம் இரண்டு கொண்டுவரலாம், ஒன்று சொந்த ஊரிலிருந்து, மற்றது வேறு மாவட்டத்து உறவினர் வீட்டிலிருந்து. கூழை இரண்டு நாள் புளிக்க வைத்துத் தேய்த்துக் கழுவினால் விதை சுத்தமாகும். புது விதை இரண்டு முதல் நான்கு வாரத்தில் முளைக்கும், பழையது தாமதிக்கும். எந்தக் கன்று எந்த ஊர் என்று தொட்டியில் எழுதி ஒட்டிவிட்டு, பிப்ரவரி கடைசியில் ஓர் ஊர்க் கன்றை உங்கள் மாடியிலும் மற்ற ஊர்க் கன்றை எதிர் வீட்டு மாடியிலும் நட வேண்டும்.